மேல் பொத்தானுக்கு நிற்காத மணிக்கூடு

04.03.2025, செவ்வாய்
அலுமாரியைத் துப்புரவாக்கும்போது அப்பாவின் பழைய கைமணிக்கூடு அகப்பட்டது. பக்கத்தில் இரண்டு பொத்தான்கள், ஓட்டப் போட்டிக்கு நேரம் எடுக்கிற வகை. சாவி கொடுத்ததும் ஓடத் தொடங்கிவிட்டது. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அது என்ரை இல்லை, பிள்ளை. உள்மெசினை உன்ரை சித்தப்பன் மாத்திப்போட்டான்."

சின்ன வயதிலிருந்து கேட்கிற கதைதான். 1979இல் கரம்பொன் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கென்று சித்தப்பா இரவல் வாங்கினார். மணிக்கூடு திரும்பி வந்தபோது அப்பா மேல் பொத்தானை அமத்த ஓடியது, மறுபடி அமத்த நிற்கவில்லை. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் நன்மை தின்மைக்குக்கூடப் போக்குவரத்து இல்லை. அடுத்த மாதம் சித்தப்பா தன் மகள் கஜனியோடு கனடாவுக்கே போய்விடுகிறார். இனி இவர்கள் எங்கே சந்திக்கப் போகிறார்கள்?

06.03, வியாழன்
அமத்திப் பார்த்தேன். மேலே அமத்தினால் ஓடுகிறது, திரும்ப அமத்தினாலும் நிற்கவில்லை. கீழே அமத்தினேன் — நின்றது. இன்னொருக்கால் கீழே — முள் பூச்சியத்துக்கு வந்துவிட்டது. பழுதே இல்லையே?

07.03
கந்தோரில் ஒரு வேலையும் ஓடவில்லை. மனம் முழுக்கப் பொத்தானில்தான்.

09.03, ஞாயிறு
பழைய மணிக்கூடு சேர்க்கிறவர்கள் எழுதியதையெல்லாம் போனில் வாசித்தேன். இந்த வகையில் ஒரே மாதிரி முகம், ஒரே மாதிரிக் கூடு. உள்ளே மட்டும் வேறு வேறு மெசின். வீனஸ் 170 என்றால் மேல் பொத்தானே ஓட்டும், நிறுத்தும். லாண்டெரன் 48 என்றால் மேல் பொத்தான் ஓட்ட மட்டும்தான், நிறுத்துவது கீழ்ப் பொத்தான். வெளியே பார்த்தால் தெரியாது.

அப்படியென்றால் முதலில் இருந்தது வீனஸாக இருந்து, சித்தப்பா உண்மையிலேயே மாற்றியிருந்தால்? இதை நினைக்கவே பிடிக்கவில்லை.

13.03, வியாழன், பௌர்ணமிப் போயா விடுமுறை
யாழ்ப்பாணத்தில் மணிக்கூடு திருத்துகிற றொமேஷ் பின்மூடியைக் கழற்றினார். ஆடுகிற சக்கரத்துக்குக் கீழே குட்டி எழுத்தில் லாண்டெரன் 48. மாற்றி வைத்ததோ என்று கேட்டேன்.

"இல்லை அக்கா. வேறை மெசின் எண்டால் இந்தக் கூட்டிலை இருக்கிற பொத்தான் ஓட்டை நேர் வராது. இது பிறந்ததிலையிருந்து இதுக்குள்ளைதான் இருக்குது."

பஸ்ஸில் வரும்வழியெல்லாம் எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும்.

14.03, வெள்ளி
அப்பாவிடம் சொன்னேன். மேல் பொத்தானில் நின்றதைத் தன் கண்ணால் கண்டதாக ஒரே பிடி. எங்கே கண்டீர்கள் என்று விடாமல் கேட்டேன். அந்தக் காலத்தில் மாத்தறையில் அப்பா கடை வைத்திருந்தபோது பக்கத்துக் கடைக்காரரிடம் இதேபோல ஒன்று இருந்ததாம், அதில் நின்றதாம்.

"உங்கடையிலை?"

அப்பா மணிக்கூட்டை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"இரவல் குடுக்கிறதுக்கு முதல் நான் அதை அமத்தினதே இல்லை. பழுதாப் போகுமெண்டு."

பத்து வருடம் கையில் கட்டியிருந்த மனிதர்! 'தீர விசாரிப்பதே மெய்' என்று எங்களுக்குப் பாடம் நடத்தியவர்! நான் கத்திவிட்டேன். பிறகு குசினிக்குள் போய் அழுதேன்.

15.03, சனி
விடிய எழும்பி வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார். நான் ஒன்றும் கேட்காமல் ஓட்டோவுக்குச் சொன்னேன்.

கரம்பொனில் சித்தப்பா வாசலுக்கு வந்தார். மெலிந்துபோயிருக்கிறார். அப்பாவுக்கு மன்னிப்பெல்லாம் கேட்கத் தெரியாது. மெசின் மாறவில்லையாம் என்று மட்டும் சொன்னார்.

"கீழ்ப் பொத்தானை அமத்துங்கோ எண்டு சொல்லத்தான் அண்ணை, அண்டைக்கு உங்களுக்குப் பின்னாலை ஓடி வந்தனான். நீங்கள் படலையைச் சாத்திப்போட்டியள்."

அப்பா வாசலில் செருப்பைக் கழற்றினார். பிறகு உள்ளே போய் இருந்து, கஜனியிடம் தேத்தண்ணி கேட்டார். நாற்பத்தாறு வருடமாக அந்த வீட்டில் பச்சைத் தண்ணி குடிக்காதவர், இரண்டு கிளாஸ் குடித்தார்.