பத்து நிமிட வேலையின் விலை

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். இங்கே ஒரு வேடிக்கை.

காரின் வேகத்தைக் கூட்டித் தரும் எங்கள் கடையில் விலை சொல்வது என் வேலை. லேப்டாப்பை எஞ்சினோடு இணைத்துச் செய்யும் பத்து நிமிட வேலைதானே என்று ஒருவரிடம் குறைவாகச் சொன்னேன். "இவ்ளோ கம்மியா? எஞ்சினைக் கெடுத்துடுவீங்க" என்று போய்விட்டார்.

முதலாளி எல்லோர் முன்னும் சிரித்தார். "கம்மி சம்பளத்துக்கு ஒத்துக்கிட்டப்பவே உன்னைச் சந்தேகப்பட்டிருக்கணும்! அடுத்த ஆளும் போனா நீயும் கிளம்பு."

அடுத்து வந்தவருக்கு உங்கள் வயது. மகன் ஆசைப்பட்டானென்று அவன் காரைக் கொண்டுவந்திருந்தார். முதல் ஆளிடம் சொன்னதைப் போல் மும்மடங்கு சொன்னேன்.

"நிஜமாவே இவ்ளோ ஆகுமாம்மா?"

கூசிப்போய்த் தலையைக் குனிந்துகொண்டேன். அதை ஆமென்ற தலையசைப்பாக எடுத்துக்கொண்டு, "பொய் சொல்லத் தெரியாத பொண்ணு" என்று நம்பிப் பணத்தைக் கட்டிவிட்டார். வருகிறவர்கள் முதலில் என் முகத்தைப் பார்க்கட்டும் என்று முதலாளி என் மேசையை வாசலருகே மாற்றிவிட்டார்.

இனி வழக்கமான ஞாயிறோடு புதன்கிழமையும் போனில் கூப்பிடுங்கள், அப்பா. கார் ஒன்று வந்து நிற்கிறது. போகிறேன்.

உங்கள் மகள்