மூன்றாவது ஆள் வந்தால் படம் போகும்

மார்ச் 3, செவ்வாய்

காணொளிக் கூட்டத்துக்கான சர்வர் தயார். ஒன்றரை நாள் வேலை. இதற்குப் போய் வெளி நிறுவனத்தை நம்பிக்கொண்டிருந்தார்களாம். அக்காவைக் கூப்பிட்டு முக்கால் மணி நேரம் சோதித்தேன். அவள் வீட்டுச் சுவரில் பல்லி ஓடுவது வரை தெரிந்தது. மேலாளரிடம், “கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம் சார்” என்றேன்.

“பதிமூணாம் தேதி மூணு கிளையும் இதுலதான் உக்காரப்போறோம். ஒழுங்கா நடந்தா உன் வேலை நிரந்தரம். இல்லேன்னா பழையவங்ககிட்டயே போயிடுவோம். உன்னை என்ன பண்றதுன்னு அப்புறம் பாக்கலாம்.”

அந்த ‘அப்புறம்’ என்னவென்று எனக்குத் தெரியும்.

மார்ச் 5, வியாழன்

ஒத்திகை. மானம் போயிற்று.

மேலாளரும் நானும் பேசியவரை கண்ணாடி மாதிரி இருந்தது. கணக்காளர் அம்மா உள்ளே வந்தார் — மூன்று பேர் படமும் கறுப்பு, குரலும் இல்லை. அவர் வெளியே போனார், படம் வந்தது. திரும்ப வந்தார், போயிற்று. நாலு தடவை! கடைசியில் பக்கத்து அறையிலிருந்து வாயாலேயே கத்தினார்: “நான் என்னப்பா பாவம் பண்ணேன்?”

மேலாளர் என் காதருகே வந்து, “அவங்க இல்லாம வச்சுக்கலாமா?” என்கிறார். கேள்வியா இது?

மார்ச் 6, வெள்ளி

காரணம் பிடிபட்டது. இரண்டே பேர் என்றால் படம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நேராகப் போய்விடுகிறது. மூன்றாவது ஆள் வந்ததும்தான் சர்வர் வழியாகத் திரும்புகிறது. அந்த வழி, வெளியாள் நுழையாமல் காக்கும் ஃபயர்வாலில் அடைத்துக் கிடக்கிறது.

அதாவது நான் அன்று சோதித்தது சர்வரையே இல்லை. அக்காவை.

மார்ச் 9, திங்கள்

ஃபயர்வால் எங்கள் அலுவலகத்தில் ஒரே ஒருவர் கையில். முதுகுக்குப் பின்னால் ‘பூட்டு’, நேரில் அண்ணன்.

“எத்தனை போர்ட் திறக்கணும்?”

“பத்தாயிரத்துலேர்ந்து இருபதாயிரம் வரைக்கும்.”

டம்ளரைக் கீழே வைத்தார். “வீட்டுக்கு வாசல் வைப்பாங்க தம்பி. நீ சுவரே வேணாங்கிறே.”

“மென்பொருளோட வழிகாட்டியில அப்படித்தான்ணே போட்டிருக்கு.”

“போட்டிருக்கட்டும். ஒரு போர்ட்டுக்கு ஒரு படிவம். காரணம் எழுதி, மேலாளர் கையெழுத்தோட.”

“பத்தாயிரத்தோரு படிவமா?”

“மெதுவா கொண்டா. நான் எங்க போகப்போறேன், இங்கதானே இருப்பேன்.”

நானா விடுவேன்?

மார்ச் 10, செவ்வாய்

214 படிவம் முடிந்தது. விரல் மரத்துவிட்டது. காரணம் என்ற இடத்தில் முதல் ஐம்பதில் ‘காணொளிக் கூட்டம்’, அடுத்தவற்றில் ‘மேற்படி’, இப்போது வெறும் கோடு. மேலாளர் கையெழுத்தும் தேய்ந்து புழு மாதிரி நெளிகிறது. கணக்காளர் அம்மா படிவக் கட்டைப் பார்த்துவிட்டு, “அந்தக் கூட்டத்துக்கு என் பேரனை அனுப்புறேன்பா” என்று போனார்.

மாலை அக்காவிடம் போனில் புலம்பினேன். “அந்த வழிகாட்டி எந்த வருஷத்துதுடா?” என்று சும்மாதான் கேட்டாள்.

பார்த்தேன். சே! பழைய பதிப்புக்கு எழுதியது. நான் நிறுவியிருக்கும் பதிப்புக்கு ஒரே ஒரு போர்ட் போதுமாம். பத்தாயிரம். நேற்று நான் எழுதின முதல் படிவம்.

மார்ச் 11, புதன்

ஒற்றைத் தாளோடு போய் நின்றேன்.

“மிச்சம்?”

“வேணாம்ணே.”

“பத்தாயிரமுமா?”

“ஆமா.”

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

மதியம் திறந்துவிட்டதாகச் சொன்னார். மூன்று பேரை உட்கார வைத்தேன். கறுப்பு. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ — “திறக்காமலே திறந்தேன்னு சொல்றீங்களா?” என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். அவர் என் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். தகவல் போகும் முறைக்கு டிசிபி, யூடிபி என்று இரண்டு கட்டங்கள். படமும் குரலும் வருவது யூடிபியில். இது கல்லூரி முதல் வருஷப் பாடம். டிக் இருந்தது டிசிபியில். என் பேனா, என் டிக். 214-லும் அப்படித்தான் போட்டிருக்கிறேன்.

“நீ எழுதினதைத்தான் தம்பி திறக்க முடியும். நினைச்சதை எப்படித் திறப்பேன்?”

மார்ச் 12, வியாழன்

மன்னிப்புக் கேட்டேன். புதுப் படிவத்தை அவர் மேஜையிலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டமாகப் படித்து எழுதினேன். பதினோரு நிமிடம். ஒரு தாளுக்கு இவ்வளவு நேரம் நான் செலவழித்ததே இல்லை.

கணக்காளர் அம்மா மூன்றாவதாக உள்ளே வந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார். படம் மறையவில்லை. “இருக்கேனா? இருக்கேனா?” என்கிறார். இருக்கிறீர்கள் அம்மா, இருக்கிறீர்கள்.

மார்ச் 13, வெள்ளி

மூன்று கிளை, பதினேழு முகம். ஒன்றுகூடப் போகவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

நிரந்தரம். கடிதம் கையில். மேலாளருக்கு என்னைவிடச் சந்தோஷம்: “இனிமே எதுன்னாலும் காணொளியிலயே பேசிடலாம்பா!”

ஏப்ரல் 7, செவ்வாய்

காலையிலிருந்து இது நாலாவது கூட்டம். இதை எழுதுவதும் கூட்டத்துக்குள்ளிருந்துதான். நாற்காலிகளின் உயரம் பற்றி மேலாளர் நாற்பது நிமிடமாகப் பேசுகிறார். படம் துல்லியம். குரல் அதைவிடத் துல்லியம். திரையின் மூலையில் பூட்டு அண்ணன், சிலை மாதிரி.

இப்போது அவரிடமிருந்து எனக்கு மட்டும் ஒரு செய்தி: “தம்பி, மூடிடவா?”

கூடாதுதான். இருந்தாலும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.