என் தாயார் சாரா பீவியின் இடது பெருவிரல்

அனுப்புநர்
ஹாஜிரா,
காலஞ்சென்ற சாரா பீவியின் மகள்,
தோல்கிடங்குச் சந்து, பாலக்கரை,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்
உயர்திரு மாவட்டக் கலெக்டர் அவர்கள்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: இறந்தவர் கையிலிருந்து எடுத்த ரேகையைக் காட்டி வீட்டைப் பறிப்பது குறித்து மறுவிசாரணை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தாயார் சென்ற ஜூன் 14ஆம் தேதி காலையில் காலமானார். வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே. இறந்த பெண்களைக் குளிப்பாட்டும் மஜீதாவை அழைத்துவர நான் வரகனேரிக்குப் போனேன். செய்தி கேட்டு வந்த என் சிற்றப்பா மகன் பரக்கத் அலி, குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதிக்கொண்டு உடலருகே இருப்பதாகச் சொன்னார். சாவு வீட்டில் பழைய மனஸ்தாபம் பார்க்கக் கூடாது என்று விட்டுப் போனேன்.

2. அரைமணி நேரம் கழித்து மஜீதாவோடு திரும்பி வந்து பார்த்தால், தாயாரின் இடது பெருவிரலில், நான் போகும்போது இல்லாத நீல மை அப்பியிருந்தது. எங்கள் மார்க்கப்படி இறந்தவர் உடலில் நகக்கண்கூடத் தண்ணீர் படாமல் இருக்கக் கூடாது. "மை இருந்தா தண்ணி படாதும்மா, நல்லாத் தேய்" என்றார் மஜீதா. நானே சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். அது எப்படி வந்தது என்று கேட்க எனக்கு அன்று புத்தி இல்லை. இருந்த ஒரே அத்தாட்சியை என் கையாலேயே கழுவிவிட்டேன், பாவி.

3. நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்த மறுநாள் பரக்கத் அலி ஒரு பத்திரத்தோடு வந்தார். இறப்பதற்குப் பத்து நாள் முன்பு தாயார் வீட்டைத் தனக்கு ஹிபாவாக, அதாவது தானமாக, கொடுத்து ரேகை வைத்தாராம். அவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுக்கவே முகம் சுளிக்கும் என் தாயார், வீட்டையே தூக்கிக் கொடுத்தாராம்!

4. என் புகாரின் பேரில், வீடு வாங்கியபோது பத்திரப் பதிவில் தாயார் வைத்த ரேகையோடு இதை ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒரே விரல் என்று நிபுணர் எழுதிவிட்டார். விசாரித்த அதிகாரி, "ரேகை பொய் சொல்லாதுங்க அம்மா, வீட்டுக்குப் போங்க" என்றார். எந்த வீட்டுக்கு என்று அவர் சொல்லவில்லை.

5. ஐயா, அது என் தாயாரின் விரல் இல்லை என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை. அவர் விரல்தான். ரேகை எடுத்தபோது அவர் உயிரோடு இல்லை என்றுதான் சொல்கிறேன். நிபுணரின் பூதக்கண்ணாடிக்கு அது தெரியாது. மஜீதாவுக்குத் தெரியும். அவரை இன்றுவரை ஒருவரும் விசாரிக்கவில்லை.

வருகிற திங்கட்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குப் போக்கிடம் இல்லை. அதற்குமுன் தாங்கள் மஜீதாவின் வாக்குமூலத்தை வாங்கி, அந்த அரைமணி நேரம் ஓதினாரா, வேறென்ன செய்தார் என்று பரக்கத் அலியிடம் கேட்டு, எனக்கு நியாயம் வழங்கும்படி கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆகையால் மனு எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லி, அடியில் ஒரு வரி கூடுதலாக எழுதச் செய்திருக்கிறேன்.

இடம்: திருச்சிராப்பள்ளி
தேதி: 5-11-1958

இப்படிக்கு,
ஹாஜிரா
(இடது பெருவிரல் ரேகை)

மேற்படி ஹாஜிரா என் கண்ணெதிரே, உயிரோடு இருக்கும்போதே இந்த ரேகையை வைத்தார்.
மனு எழுதியவர்: அழகிரி, ஸ்ரீரங்கம்.