துரைக்கு ஒரு கூண்டு

1957 மே 12, ஞாயிறு

காலையிலிருந்து புழுக்கம். மழை வருவது போல் இருண்டு, வராமலே போயிற்று.

மூங்கில் கூண்டு அவ்வளவுதான். எதிர்க்கடைச் சீனரிடம் இரவல் வாங்கியது. துரை குச்சிகளைக் கடித்துத் துப்பிவிட்டு வெளியே வந்து அரிசி டின்மேல் உட்கார்ந்திருந்தான். நல்லவேளை, கோமதி பார்த்தாள். கீழே மசாலைக் கடையில் பூனை இருக்கிறது.

துரை கிளிக்குஞ்சு. சாங்கி முகாமில் எங்கள் பட்டறைக்குப் பின்னால் மரம் வெட்டியபோது பொந்தோடு விழுந்தது. கூட இருந்தவை செத்துவிட்டன. இதை மட்டும் சோற்று டப்பாவில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன். வெள்ளைக்காரன் முகாமிலிருந்து வந்தவன் என்று கோமதிதான் துரை என்று பெயர் வைத்தாள். இப்போதுதான் இறகு நிரம்புகிறது.

கோ. கப்பலேறி இங்கே வந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. ஊரில் கல்யாணமான கையோடு நான் இங்கே திரும்பிவிட்டேன். அவள் பிறகு வந்தாள். இந்த மாடி அறையில் அவள் சிரித்து நான் முதலில் பார்த்தது, துரை என் காதைக் கடித்த அன்றுதான்.

கூண்டை நானே செய்துவிடுவது. தகர வேலை செய்கிறவன் வீட்டில் இரவல் கூண்டு எதற்கு.

வேண்டியது: கம்பி, தட்டுக்குத் தகரம், பற்றவைக்க ஈயம், கொக்கி. உட்கார ஒரு கொய்யாக் கிளை. தேக்கா மார்க்கெட்டில் கேட்க வேண்டும்.

மே 15, புதன்

வெயில். பட்டறையில் கழித்துப் போட்ட கம்பி, ஃபோர்மனிடம் கேட்டு எடுத்தேன். பளபளவென்று நல்ல கம்பி. சாயங்காலம் ஒரு பக்கத்துச் சட்டம் மட்டும் செய்து வைத்துப் பார்த்தேன்.

பார்த்தது நல்லதாயிற்று. துரை நேரே வந்து தலையை விட்டான். இழுக்கத் தெரியவில்லை. கத்தினான், இறக்கையை அடித்தான். கோ. துண்டைப் போட்டு உடம்பைப் பிடித்துக்கொண்டாள். நான் குறட்டால் கம்பியை விலக்கினேன்.

"மெதுவா. மெதுவாங்க. கழுத்து அதுக்கு. இந்தப் பக்கம் இழுங்க, அந்தப் பக்கம் வேணாம்."

என்னிடம் அவள் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியது இதுவே முதல்.

துரைக்கு ஒன்றுமில்லை. கழுத்தில் இரண்டு இறகு போயிற்று. கம்பிகளை இன்னும் நெருக்கி வைக்க வேண்டும்.

மே 18, சனி

அரை நாள் வேலை. சீக்கிரம் வந்தேன். படியேறும்போது உள்ளே கோ. பேசுகிற சத்தம். யாரோ வந்திருக்கிறார்கள் என்று நின்றேன். யாருமில்லை, துரையிடம்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

"அவரு வருவாரு. வந்ததும் 'சாப்டியா'ன்னு கேப்பாரு. நான் 'ம்'னு சொல்லுவேன். அவ்வளவுதான் எங்க பேச்சு. நீயாவது நாலு வார்த்தை கத்துக்க."

திரும்பக் கீழே இறங்கிப் போய் ஒரு கோப்பி குடித்துவிட்டு வந்தேன். அறைக்குள் நுழைந்ததும் வாயில் வந்தது அதே கேள்விதான். பாதியில் நிறுத்திக்கொண்டேன். வெயில் அதிகம் என்றேன். ஆமாம் என்றாள்.

மே 19, ஞாயிறு

கூண்டு முடிந்தது.

மூட்டு ஒவ்வொன்றுக்கும் ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். ஒன்றுகூட அசையாது. கம்பி முனை எல்லாம் அரம் போட்டு ராவியாயிற்று, கால் கிழியாது. தொங்கும் கம்பியில் வட்டத் தகரம், எலி இறங்காமலிருக்க. கப்பல் கயிற்றில் மாட்டுவார்களே, அதே மாதிரி. எறும்புக்கு மண்ணெண்ணெய்த் துணி. சமையல் புகை வராத ஜன்னல் பக்கம்.

பக்கத்து அறை சூசையம்மாள் அக்கா பூசை முடிந்து கோயிலிலிருந்து வந்தவர் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, பேங்க் மாதிரி பண்ணி வச்சிருக்கீங்க. எலி என்ன, திருடனே வர முடியாது லா."

எனக்குப் பெருமைதான். கோ. கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தாள்.

மே 22, புதன்

மழை. பஸ் நெரிசல், சட்டை நனைந்தது.

குழாயடியில் சூ. அக்கா நிறுத்தினார். "சொல்லலாமா வேணாமான்னு இருந்துச்சு தம்பி. நாகப்பட்டினம் கப்பல் அடுத்து எப்ப போகுதுன்னு உங்க வீட்டுல என்னைக் கேட்டுச்சு. சண்டையா?"

சண்டை இல்லை அக்கா என்றேன். சண்டை போடும் அளவுக்குக்கூட நாங்கள் பேசுவதில்லை. அதை எப்படி அவரிடம் சொல்வது.

கோ.விடம் கேட்கவில்லை. பயம். கேட்டால் பதில் வந்துவிடும்.

துரை கூண்டு மூலையில் கம்பி மூட்டுகளைக் கொத்தி விளையாடுகிறான். அவனாவது சந்தோஷமாக இருக்கட்டும்.

மே 25, சனி

துரை சரியாகச் சாப்பிடவில்லை. பப்பாளியை வாங்கிக் கீழே போட்டுவிட்டான். எச்சம் பச்சைத் தண்ணீர். கோ. காலையிலிருந்து கவனித்திருக்கிறாள், நான் வரும்வரை வாசலிலேயே நின்றிருக்கிறாள்.

"கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குது. நேத்து குடுத்த பயத்தங்காயா இருக்குமோ?"

இருக்கலாம் என்றேன். மண்ணெண்ணெய்த் துணியை அவிழ்த்து எறிந்தேன். வாடை ஒத்துக்கொள்ளவில்லையோ என்னவோ. தண்ணீர்க் கிண்ணத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். வேறு என்ன செய்வது. ஜன்னல் காற்று? துணி கட்டினேன். பிறகு புழுக்கமாகுமே என்று எடுத்தேன்.

மே 26, ஞாயிறு

மோசம். கிளையில் நிற்கவில்லை, கூண்டின் அடியில் கிடக்கிறான். கால் விரல் மடங்கிக்கொண்டே போகிறது. நடுவில் ஒருமுறை வெட்டி வெட்டி இழுத்தது. கோ. மடியில் வைத்துக்கொண்டு அப்படியே சுவரோடு சாய்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதாலாவது தேவலை.

சூ. அக்கா சொல்லித்தான் தெரியும்: அரசாங்க மிருக வைத்தியசாலையில் பறவையும் பார்ப்பார்களாம். இன்று பூட்டியிருக்கும்.

இது செத்தால் அவள் போய்விடுவாள். பைத்தியக்கார நினைப்பு. ஆனால் அப்படித்தான் தோன்றுகிறது. வேறு எதைக் காட்டி இருக்கச் சொல்வேன்?

மே 27, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. கூட வேலை செய்யும் ஹமீதிடம் ஃபோர்மனுக்குச் சொல்லி அனுப்பினேன்.

மூன்று சக்கரத் திரிஷா வண்டியில் இருவரும். அவள் மடியில் துரை, என் மடியில் கூண்டு. கோ. தேக்காவைத் தாண்டி வருவது இதுதான் முதல் தடவை. ஒன்றையும் பார்க்கவில்லை அவள். துரையின் மூச்சையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர். குஞ்சைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கூண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இந்த மூட்டுக்கெல்லாம் ஈயம் வைச்சது ஆர்?"

"நான்தான் டாக்டர்."

"நல்ல கைவேலை. அதைத்தான் குஞ்சு சுரண்டித் திண்டிருக்கு. ஈயம் நஞ்சு, தெரியாதோ?"

மூலை மூட்டுகளைக் காட்டினார். அலகு பட்டுப் பட்டு ஈயம் பாதி காணோம். நானே வைத்தது. இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று தாராளமாக வைத்தது.

பிழைக்குமா என்று கோ. கேட்டாள்.

"சொல்லேலாது பிள்ளை. பேதி உப்புத் தண்ணி தாறன், சொட்டுச் சொட்டாய் விடுங்கோ. வயித்தில கிடக்கிறது இறங்கவேணும். இந்தக் கூண்டுக்குள்ள மட்டும் திரும்பி விட்டுடாதேங்கோ."

திரும்பும் வழியெல்லாம் அலகு பட்ட மூட்டுகளையே விரலால் தடவிக்கொண்டு வந்தேன். பாதுகாப்பு, பாதுகாப்பு என்று செய்து நானே விஷம் வைத்திருக்கிறேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வீட்டுக்குக் கிட்டே வந்தபிறகு அவள்தான் பேசினாள்.

"நல்ல கைவேலைன்னு சொன்னாரில்ல."

"அது பாராட்டு இல்ல."

"தெரியும்," என்றாள். "வேணும்னேவா செஞ்சீங்க? விடுங்க. சொட்டு மருந்துக்குப் பேனா மை ஊத்துற ஃபில்லர் வேணும், வாங்கிட்டு வாங்க."

மே 29, புதன்

காலையில் இடி, மழை. பட்டறையில் ஒரு வேலையும் ஓடவில்லை. பற்றவைக்கும்போது ஈயம் உருகி ஓடுவதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

துரை இருக்கிறான். பழைய சட்டையில் சுற்றி, அட்டைப் பெட்டியில். கோ. மருந்து விடுவாள், நான் கஞ்சி புகட்டுவேன். பாதி என் கையில். இன்று வலிப்பு இல்லை. எச்சம் இன்னும் தண்ணீர்தான்.

வாயைத் திறக்க அவள் அலகின் ஓரத்தை அழுத்துகிற விதம் எனக்கு வரவில்லை. "இப்படி இல்ல, இங்க," என்று என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினாள்.

மே 31, வெள்ளி

நின்றான்! தள்ளாட்டம்தான். ஆனால் காலில் நின்றான். சோற்றைத் தானே கொத்தினான்.

சூ. அக்கா கேள்விப்பட்டு மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாராம். கோ. கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். தனியாக, வழி விசாரித்துக்கொண்டே.

ஜூன் 2, ஞாயிறு

புதுக் கூண்டு. ஈயம் கிடையாது. ஒரு பொட்டுகூட. கம்பியைக் கம்பியோடு முறுக்கியே மூட்டு. முனைகளை உள்ளே மடித்து ராவுவது. கம்பியின் வெள்ளைப் பூச்சும் நல்லதல்ல என்று டாக்டர் சொன்னதால் காடி ஊற்றித் தேய்த்துக் கழுவி வெயிலில் வைத்தோம். அறை முழுக்கப் புளித்த வாடை.

ஒற்றை ஆளால் முறுக்க முடியாது. அவள் பிடிக்க, நான் முறுக்க. பிறகு அவள் குறடை வாங்கிக்கொண்டாள். என்னைவிட நெருக்கமாக வருகிறது அவள் முறுக்கு.

கேட்டுவிட்டேன். கம்பியைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டேன்.

"கப்பல் எப்ப போகுதுன்னு அக்காகிட்ட கேட்டியாமே."

"கேட்டேன்."

"யாராவது வராங்களா?"

"இல்ல. போகணும்னுதான் கேட்டேன்."

அவள் பொய் சொல்லவில்லை. அதுவே எனக்குத் தைரியமாக இருந்தது.

"இப்ப?"

"இப்ப நீங்க கம்பிய நேராப் புடிங்க. வளையுது பாருங்க."

பிடித்தேன்.

வேலை முடியுமட்டும் பேசிக்கொண்டே இருந்தாள். கப்பலில் வாந்தி எடுத்தது, பகலில் இந்தத் தெருச் சத்தமே பயமாக இருந்தது, நான் ஏன் ஒன்றுமே கேட்பதில்லை என்பது. எனக்குப் பேச வராது என்றேன். அது தெரிகிறது என்றாள்.

ஜூன் 4, செவ்வாய்

விடியும்போதே மழை. சட்டை காயவில்லை. நேற்று துரையைப் புதுக் கூண்டில் விட்டோம். எல்லா மூட்டுகளையும் கொத்திப் பார்த்தான், ஒன்றும் வரவில்லை. எனக்குத்தான் இன்னும் சந்தேகம். எழுந்ததும் கூண்டின் அடியில் ஏதாவது துகள் கிடக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். இல்லை. கொய்யாப் பட்டைதான்.

இன்று சாங்கியிலிருந்து திரும்பும்போது வாங்க வேண்டியது: வாழைப்பழம், சாயத்தூள் போடாத கயிறு, கோமதிக்குக் குடை

கூப்பிடுகிறாள். "இங்க வாங்க, சீக்கிரம். ஜன்னலச் சாத்துங்க மொதல்ல. கூண்டுக் கொக்கிய துரையே தூக்கிட்டான்"