மேய்ச்சல் நிலத்து விசாரணை

மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே ஆடுகள் முதல் பிள்ளைகள்வரை எல்லோரும் சுகம். உன் அண்ணி மட்டும் என்னோடு பேசுவதில்லை.

நம் ஆடுகள் மேயும் அரசு நிலத்தை எரிவாயுக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடுவது பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டத்தில், அதிகாரி நாற்காலியில் நீ வந்து உட்காருவாய் என்று நான் நினைக்கவே இல்லை. பக்கத்திலிருந்த பால்காரர் கேட்டார்: "அந்தம்மா உன் ஜாடையா இருக்காங்களே, சொந்தமா?"

"சேச்சே, யாரோ என்னவோ" என்றேன்.

அதோடு விட்டேனா? பின்வரிசையில் ஒருவன், "நீங்க சோறு திங்கிறீங்களா, கேஸைத் திங்கிறீங்களா?" என்று உன்னைப் பார்த்துக் கத்தியபோது நானும் சேர்ந்து கை தட்டினேன். அண்ணி எழுந்து போய்விட்டாள். நீ என்னைப் பார்த்தாய். பிறகு குனிந்து தண்ணீர் குடித்தாய்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. திட்டியாவது எழுது.

உன் அண்ணன்

மார்ச் 11

அன்புள்ள அண்ணா,

திட்ட எனக்கு ஏது வாய்? கூட்டத்துக்கு முன்பே மேலதிகாரி கேட்டார்: "அங்க உங்க சொந்தக்காரங்க யாராவது ஆடு மேய்க்கிறாங்களா? இருந்தா வேற ஆளைத்தான் அனுப்பணும்."

"யாரும் இல்ல சார்" என்றேன்.

நான் விசாரித்தால் நம் ஆடுகள் தண்ணீர் குடிக்கும் ஊற்று இருக்கும் இடத்தையாவது குத்தகையிலிருந்து விலக்கிவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. ஆட்டுக்காரர் தங்கை என்று அலுவலகத்தில் தெரிய வேண்டாம் என்பது மீதி. நீங்கள் கை தட்டியது ஊருக்கு நடுவில். நான் உங்களை இல்லையென்று சொன்னது அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு.

நேற்று மேலதிகாரியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்தக் கூட்டம் செல்லாதாம்; வேறு அதிகாரி வருவார். என்னைக் குடிநீர்ப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அண்ணியை உங்களோடு பேசச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை

ஏப்ரல் 2

அன்புள்ள வாயாடிக்கு,

புது அதிகாரி தலைநிமிராமல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் போனார். ஊற்றோடு சேர்த்து மொத்த நிலமும் கம்பெனிக்குப் போய்விட்டது. "முதல்ல வந்த அம்மா இருந்திருந்தா ஊத்து இருக்கிற இடமாவது தப்பிச்சிருக்கும். யாரோ வேணும்னே மாத்திட்டாங்க" என்கிறார் பால்காரர். அந்த அம்மா என் தங்கை என்று இப்போதும் நான் சொல்லவில்லை.

இன்னும் பத்து நாளில் மந்தையை வடக்கே ஓட்டுகிறோம். பாதியை விற்றாயிற்று.

அண்ணி பேசிவிட்டாள். கிளம்புவதற்குள் நீ வந்து ஒரு வேளை சாப்பிட்டுப் போக வேண்டுமாம். அவள் சொன்னதாகத்தான் எழுதுகிறேன். நானே கூப்பிட எனக்கு முகமில்லை.

உன் அண்ணன்