வேலுத்தாய் வைத்துவிட்டுப் போன கல்

சிவகாசி
8-12-1958

அன்பு மகள் சொர்ணலட்சுமிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே நோய்நொடி பெரிதாக இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகம் என்று ஒரு வரி வந்தால் மனசு ஆறும். கல்கத்தாவில் குளிர் இறங்கிவிட்டதாக மாப்பிள்ளை எழுதியிருந்தார், பிள்ளைக்குக் காது மூடுகிற குல்லாய் வாங்கிப் போடு. அம்மாவுக்கு முழங்கால் வலி முன்போலத்தான், எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொன்னால் கேட்பதில்லை. கருப்பட்டியும் மல்லிப்பொடியும் ரயில் பார்சலில் போட்டிருக்கிறேன். தீபாவளி சீசன் நல்லபடியாக முடிந்தது, அச்சாபீசில் மிஷின் நிற்கவே இல்லை. நல்லபடியாக என்று கை பழக்கத்தில் எழுதிவிட்டேன் மகளே, அப்படி இல்லை, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு, மறைக்க வேண்டாம்.

விஸ்வநத்தத்தில் சின்னதாகத் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்த வெள்ளைத்துரையை உனக்கு ஞாபகம் இருக்கும், உன் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவன். போன வருஷம் அவன் காய்ச்சலில் தவறிப்போனதும் அவன் சம்சாரம் வேலுத்தாய் ஆபீசைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளோடு சாத்தூருக்கு அண்ணன் வீட்டுக்குப் போனாள். போகும்போது அவர்கள் லேபிள் அச்சடிக்கிற கல்லை வண்டியில் ஏற்றிவந்து, அண்ணாச்சி இது உங்ககிட்ட இருக்கட்டும், எந்திரிச்சு நிக்கிற காலம் வந்தா கேப்பேன் என்று வைத்துவிட்டுப் போனாள். நான் வாடகை கேட்கவில்லை, அவள் சீட்டு கேட்கவில்லை. அந்தக் கல்லில் இருந்தது குடை பிடித்த முயல் படம். எழுத்துத் தெரியாதவனும் கடையில் முயல் பெட்டி என்று கேட்டு வாங்குவான், வெள்ளைத்துரை விட்டுப்போன சொத்து அந்தப் படம் ஒன்றுதான்.

ஆவணியில் வெடி லேபிள் ஆர்டர் குவிந்தபோது எனக்குக் கல் போதவில்லை, சீமையிலிருந்து புதுக்கல் வருவதற்கு லைசென்ஸ் இல்லை என்று மதராஸ் கல் வியாபாரி கையை விரித்துவிட்டான். பழைய படத்தை மணலும் தண்ணீரும் விட்டுத் தேய்த்து அழித்தால்தான் கல்லில் புதுப்படம் ஏறும், நீ சின்னதிலேயே பார்த்த வேலை. மூலையில் இருந்த கல்லைக் காட்டி, அதை எடுத்துத் தேய்லே என்று கல் தேய்க்கிற பெத்தணனிடம் சொன்னேன். மொதலாளி, இது முயலுக் கல்லுல்ல, அந்தம்மா வந்து கேட்டா என்ன சொல்லுவீக என்றான். கல்லக் கேட்டா கல்லக் குடுப்போம், எடை கொறஞ்சா போகுது என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

கார்த்திகையில் வேலுத்தாய் வந்து நின்றாள். அண்ணன் கைகொடுக்கிறானாம், ஆபீசைத் திறக்கப் போகிறாளாம், முகத்தில் அம்புட்டு தெளிச்சி. நான் வாய் கூசாமல், மழையில் கூரை ஒழுகிக் கல்லில் ஈரம் இறங்கிப் படம் போய்விட்டது தாயி என்றேன். பெத்தணன் பக்கத்தில்தான் நின்றான், குனிந்துகொண்டான். சீசன் முடிந்து வெடிப் படத்தையும் அழித்துவைத்திருந்த வெறுங்கல்லை அவள் தடவிப் பார்த்துவிட்டு, மழைக்கு நீங்க என்ன செய்வீக அண்ணாச்சி, சங்கடப்படாதீக என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகும் புத்தி வரவில்லை, விருதுநகருக்குப் போய் வக்கீலைத்தான் பார்த்தேன். சும்மா வைத்திருந்த பொருளுக்கு நான் பொறுப்பா என்று கேட்டேன். காசு வாங்காம வச்சிருந்தாலும் தன் பொருளப் பாக்கிற மாதிரி பாக்கணும் அண்ணாச்சி, அப்படிப் பாத்தும் தீயிலயோ வெள்ளத்திலயோ போனா உங்களக் கேக்க முடியாது, வச்சவகளுக்குத் தெரியாம உங்க வேலைக்கு எடுத்திட்டீகன்னா எது கெட்டாலும் உங்க தலையிலதான் என்றார். பிறகு, அந்தம்மாகிட்ட சீட்டு ஏதும் இருக்கா என்றார். இல்லை என்றேன். அப்ப எதுக்கு வேர்க்குது உங்களுக்கு என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு நெஞ்சு லேசாகிப் போனது, அதை நினைத்தால்தான் இப்போது அதிகமாகக் கூசுகிறது. முன்னே வாடகைக்கு வைத்திருந்த என் வத்தல் மூட்டைகளை நனையவிட்ட கிட்டங்கிக்காரனைக் கோர்ட்டு வரைக்கும் இழுத்தவன் நான், வக்கீல் சொன்ன சட்டம் எனக்கு அப்போதே மனப்பாடம்.

வீட்டுக்கு வந்தால் உன் அம்மா, வேலுத்தாய் பார்க்கிறவர்களிடமெல்லாம் அண்ணாச்சிய யாரும் கல்லப் பத்திக் கேட்டு நோகடிச்சிறாதீக என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம், எம்புட்டு நல்ல மனசு என்றாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். மறுநாளே விஸ்வநத்தம் போய், ஆபீசைச் சுத்தம் செய்ய வந்திருந்த அவளிடம் உள்ளதைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. ஈரம் பட்டுப்போச்சுன்னுல்ல சொன்னீக, நான் ஊரெல்லாம் அப்படியே சொல்லிட்டு வந்துட்டேனே அண்ணாச்சி, பொய்க்காரி ஆக்கிட்டீகளே என்றாள். பழைய லேபிள் ஒன்று கிடைத்தால் ஓவியரை வைத்து அதே படத்தை என் செலவில் வரைந்து தருகிறேன், அதுவரை உனக்கு ஆகிற நட்டமும் என்னுடையது என்றேன். படத்தக் குடுங்க போதும், அச்சு நான் வேற எடத்துல போட்டுக்கிறேன் என்றாள்.

அவளிடமும் என் அச்சாபீசிலும் மாதிரிக்குக்கூட ஒரு லேபிள் மிஞ்சவில்லை. வெள்ளைத்துரை சரக்கு கல்கத்தாவுக்கு வந்துகொண்டிருந்தது, மாப்பிள்ளை சின்னக் கடைகளில், பீடிக்கடைகளில் விசாரித்தால் முயல் பெட்டி எங்கேயாவது தூசிக்குள் கிடக்கும். லேபிள் கிழியாமல் ஒன்று போதும், நனையாமல் பொதிந்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புங்கள்.

நேற்று வேலுத்தாய் நம் வீட்டுக்கு வந்தாள். போன வருஷம் கல் வைத்தபோதே பூட்டிய ஒரு தகரப் பெட்டியையும் உன் அம்மாவிடம் கொடுத்துவைத்திருந்தாள், அதைக் கேட்டாள். அம்மா எடுத்துக் கொடுத்ததும் நடுக்கூடத்திலேயே பூட்டைத் திறந்து, வெள்ளைத்துரை வேட்டி, பிள்ளைகள் வெள்ளிக் கொலுசு என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அடுக்கினாள். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெட்டியை நான் தொட்டதே இல்லை மகளே. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பேரனுக்கு முத்தம். மாப்பிள்ளைக்கு என் அன்பு. நீங்கள் எல்லாரும் குறைவில்லாமல் வாழவேண்டும். லேபிள் விஷயத்தைத் தள்ளிப்போட வேண்டாம், தை பிறந்ததும் அவள் ஆபீசைத் திறக்கிறாள்.

உன் நல்லதையே நினைக்கும் அப்பா,
அய்யாதுரை