பரீட்சைக்குப் போன ஆம்புலன்ஸ்

4 ஆகஸ்ட்

அன்புள்ள வாயாடிக்கு,

இருபத்திரண்டு வருடம் கழித்து எழுதினாலும் கையெழுத்தைப் பார்த்ததும் யாரென்று தெரிந்திருக்கும். அதே கோழிக் கிறுக்கல். மூக்குக் கண்ணாடி மட்டும் இன்னும் தடித்துவிட்டது.

நாம் படித்த பள்ளியிலேயே பன்னிரண்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். விடுதியில் தங்கிப் படிக்கும் உன் மகள் என் வகுப்புதான் என்பது பெற்றோர் விவரத் தாளைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

விஷயத்துக்கு வருகிறேன். எழுத்துப் பயிற்சிக்காக 'மறக்க முடியாத ஒரு நாள்' என்று ஒரு கட்டுரை கொடுத்தேன். உன் மகள் எழுதியது ரொம்ப நன்றாக இருக்கிறது. சிக்கலே அதுதான். பள்ளியில் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் பழைய பரிசுக் கட்டுரை ஒன்றிலும் இதே கதை இருக்கிறது என்று எங்கள் துறைத் தலைவர் பிடித்துக்கொண்டார். காப்பியடித்தது என்று முடிவானால் உள்மதிப்பீட்டில் சுழியம். பொதுத்தேர்வு எழுத விடமாட்டார்கள். மாதக் கடைசிக்குள் நான் எழுத்தில் பதில் தர வேண்டும்.

உன் வீட்டில் பழைய நோட்டு ஏதாவது இருக்கிறதா? இப்படி எழுது என்று அவளிடம் யாராவது சொன்னார்களா? ஒளிக்காமல் எழுது.

அன்புடன்,
கண்ணாடி

11 ஆகஸ்ட்

அன்புள்ள கண்ணாடி,

உறையில் உன் கிறுக்கலைப் பார்த்ததும் நான் வேலை பார்க்கும் சலவைப் பிரிவில் எல்லோரிடமும் காட்டினேன். "என் சிநேகிதி, டீச்சர்!" என்று பீற்றிக்கொண்டேன். பிரித்துப் படித்ததும் வாயை மூடிக்கொண்டு போர்வை மடிக்கப் போய்விட்டேன்.

நீ அங்கே இருக்கிறாய் என்று தெரிந்துதான் அவளை அந்தப் பள்ளியில் சேர்த்தேன். சலுகை கேட்பதுபோல ஆகிவிடுமே என்று உனக்கும் சொல்லவில்லை, அவளுக்கும் சொல்லவில்லை.

காப்பியா? அது என் அப்பாவின் கதையாயிற்றே! பதினோராம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சை. பஸ் பாதி வழியில் படுத்துவிட்டது. காலி ஆம்புலன்ஸை ஆஸ்பத்திரிக்குத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்த அப்பா நம் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு சைரன் போட்டார். போலீஸ்காரர் எட்டிப் பார்த்தபோது நீ ஸ்ட்ரெச்சரில் கழுத்து வரை போர்த்திக்கொண்டு கண்ணை உருட்டினாயே, மறந்துவிட்டதா? அந்தப் பயணத்தை வாசல் பதிவேட்டில் ஏற்றாமல் விட்டவர் ஆஸ்பத்திரிக் காவலாளி மாமா.

மகளுக்கு இதை நூறு தரமாவது சொல்லியிருப்பேன். உன் பெயரைச் சொன்னதில்லை, 'என் ஃபிரெண்டு' என்றுதான் சொல்வேன். வீட்டில் நோட்டு எதுவும் இல்லை. அந்த வருடத்துக் கட்டுரை நோட்டை நீதான் வாங்கிப் போனாய்.

அந்தப் பரிசுக் கட்டுரை யார் எழுதியது? ஒரு நகல் அனுப்பேன்.

உன்,
வாயாடி

17 ஆகஸ்ட்

அன்புள்ள வாயாடிக்கு,

பள்ளித் தாள்களை வெளியே அனுப்ப அனுமதி இல்லை. யார் எழுதியது என்பதா இப்போது முக்கியம்? உன் மகளின் பரீட்சைதானே முக்கியம்?

ஒரு வழி இருக்கிறது. அவள் வேறொரு நாளைப் பற்றிப் புதிதாக எழுதித் தரட்டும், துறைத் தலைவரை நான் சமாளித்துக்கொள்கிறேன். அதுவும் முடியாது என்றால் அந்த ஸ்ட்ரெச்சர் பகுதியையாவது எடுத்துவிடச் சொல். கற்பனை அளவு மீறிப் போகிறது.

அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "எங்கம்மா சொன்னாங்க மிஸ்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. பேசும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் கழித்து, என் வகுப்பில் வைத்து, சரியாக அந்தப் பகுதியை அவளை எழுதவைத்தது நீ இல்லையே? என்மேல் ஏதாவது வருத்தம் இருந்தால் நேராகச் சொல். பிள்ளையை நடுவில் இழுக்காதே.

கண்ணாடி

29 ஆகஸ்ட்

கண்ணாடிக்கு,

உன்மேல் எனக்கு என்ன வருத்தம் இருக்க முடியும் என்று பத்து நாளாக மண்டையை உடைத்துக்கொண்டேன். நேற்று விடை கிடைத்தது.

துறைத் தலைவர் அந்தக் கட்டுரையை வகுப்பில் எல்லோருக்கும் மாதிரி என்று கொடுத்தாராம். வருடா வருடம் நீ கொடுப்பதாமே, இந்த வருடம் மட்டும் மறந்துவிட்டாயாமே. மகள் தபாலில் அனுப்பிவைத்தாள். அடியில் உன் பெயர் இருந்தது. மேலே மாவட்டப் போட்டி, முதல் பரிசு, மேடையில் வாசிக்கப்பட்டது, மார்ச் 14 என்று போட்டிருந்தது.

இங்கிலீஷ் அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். பஸ் படுத்த இடத்தில் பெட்ரோல் பங்க் இடது பக்கம் என்று இருக்கிறது. அது வலது பக்கம்தான். எனக்கு அந்த வயதில் இடது வலது குழம்பும், நீகூடக் கிண்டல் செய்வாய். நான் நோட்டில் தப்பாக எழுதியதை அப்படியே வைத்திருக்கிறாய். என் மகள் வலது என்று சரியாக எழுதியிருக்கிறாள். அவள் காப்பியடிக்கவில்லை. விடுதியிலிருந்து பள்ளிக்குத் தினமும் அந்த வழியாகத்தான் போகிறாள். உன் அப்பா திட்டுவாரே என்று நோட்டில் உன்னைச் சேர்க்காமல் விட்டதும் நான்தான், அதனால்தான் உன் கட்டுரையில் ஸ்ட்ரெச்சர் இல்லை.

அதுகூடப் போகட்டும். எனக்கு ஒன்று தெரிய வேண்டும். மார்ச் 19-ஆம் தேதி அப்பாவின் கையில் வேலைநீக்க உத்தரவைக் கொடுத்தார்கள். போட்டி நடந்து ஐந்தே நாள். நான் காய்ச்சலில் கிடந்ததால் அந்த விழாவுக்கு வரவில்லை. மேடையில் யார் யார் இருந்தார்கள்?

வாயாடி

5 செப்டம்பர்

வாயாடி,

உன் அப்பா வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் இருந்தார். சிறப்பு விருந்தினர்.

பரிசைக் கொடுத்துவிட்டு, "உங்கப்பா எந்த ஆஸ்பத்திரில வண்டி ஓட்டுறாரும்மா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். என் அப்பா வங்கியில் இருந்தவர், ஊருக்கே தெரியும். பொய் சொன்னால் பரிசு போய்விடும் என்று பயந்து, "என் ஃபிரெண்டோட அப்பா சார், அவ சொன்னத நான் எழுதினேன்" என்று சொல்லிவிட்டேன். பெயர் கேட்டார். சொன்னேன். இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்பதும் முழு உண்மை இல்லை, அவர் பெயரைக் குறித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அந்தப் பரிசை வைத்துத்தான் எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. நீ பள்ளியை விட்டு ஊரைவிட்டே போனபோது வழியனுப்பக்கூட வரவில்லை. உன் மகளின் தாளில் ஸ்ட்ரெச்சர் என்ற வார்த்தையைப் படித்ததும், எல்லாம் தெரிந்துதான் நீ அவளை அனுப்பியிருக்கிறாய் என்று நினைத்துவிட்டேன். உன்னைச் சந்தேகப்பட எனக்கு என்ன தகுதி?

துறைத் தலைவரிடம் இந்த மாதக் கடைசி வரை அவகாசம் வாங்கியிருக்கிறேன். தலைமை ஆசிரியருக்கு எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டேன். கைப்பையில் இருக்கிறது. கொடுத்தால் என் வேலை போனாலும் போகும். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். என்ன சொல்கிறாய்?

உன்,
கண்ணாடி

12 செப்டம்பர்

அனுப்புநர்: மாணவியின் தாய்.
பெறுநர்: ஆங்கில ஆசிரியை, பன்னிரண்டாம் வகுப்பு.
பொருள்: மகளின் கட்டுரைக்கு மதிப்பெண் வழங்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு,

வணக்கம். முறையான கடிதத்தை இப்படித்தான் எழுத வேண்டும் என்று தாங்கள் வகுப்பில் சொல்லித்தந்ததாக மகள் சொன்னாள். அதனால் இப்படி எழுதுகிறேன்.

தங்கள் கைப்பையில் இருக்கும் கடிதத்தைத் தலைமை ஆசிரியரிடம் கொடுத்துவிடவும். அதற்கு என் சம்மதம் தேவையில்லை. மகளின் கட்டுரையில் ஒரு வரியையும் நீக்காமல், அதற்கு உரிய மதிப்பெண்ணைப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ரகசியம் தெரிந்த ஒரே ஆள் என்று என் தந்தை காவலாளி மாமாவைத்தான் கடைசி வரை சந்தேகப்பட்டார். சாகும் வரை அவரிடம் பேசவில்லை. இழவு வீட்டுக்கு வந்தவரை நானும் "உள்ளே வாங்க" என்று சொல்லவில்லை, அவர் தெருவிலேயே நின்றுவிட்டுப் போனார். வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டைத் தேடிப் போகிறேன். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தது யார் என்று மகளுக்கு நான் சொல்லவில்லை. சொல்வதாகவும் இல்லை. போன வாரம் அவளே கேட்டாள்: "அந்த ஃபிரெண்டு இப்போ எங்கம்மா இருக்காங்க?"

பள்ளிக்கூட வாசலில் இறங்கிப் போனாள், அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை என்று சொன்னேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாணவியின் தாய்